தொட்டிக்கு எந்த ஃபில்டர்? முதலில் பஞ்சைக் குழாயடியில் கழுவுவதை நிறுத்துங்கள்

கேள்வி: எங்கள் வீட்டு மீன் தொட்டி 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 36 செ.மீ. உயரம். இரண்டு தங்கமீன்கள், ஆறு கப்பிகள் இருக்கின்றன. தண்ணீருக்குள் ஒட்டவைக்கும் சின்ன ஃபில்டர் போட்டிருக்கிறோம். வாரம் தவறாமல் கழற்றி, பஞ்சைக் குழாயடியில் வெள்ளையாகும்வரை கழுவுகிறேன். அப்படியும் இரண்டே நாளில் தண்ணீர் பால்போல மங்குகிறது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. ஸ்பாஞ்ச், பின்பக்கம் தொங்கவிடுவது, கேனிஸ்டர் என்று மூன்று வகை சொல்கிறார்கள். எதை வாங்கலாம்?

பதில்: வாங்குவது அப்புறம். மீன்கள் மேலே வந்து மூச்சுக்குத் தவிப்பது அவசர அறிகுறி. இன்றே மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். ஊற்றும் தண்ணீரில் குளோரின் இருந்தால் அதை முறிக்கும் மருந்து கலந்துவிட்டு ஊற்றுங்கள். இரண்டு நாளைக்குத் தீனி வேண்டாம். தண்ணீரில் சேரும் விஷங்களான அமோனியா, நைட்ரைட் இரண்டையும் பார்க்கும் சோதனைத் திரவம் ஒன்று கைவசம் இருக்கட்டும். இரண்டுமே பூஜ்யம் காட்ட வேண்டும். அதுவரை தினமும் கொஞ்சம் தண்ணீர் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

இப்போது காரணத்துக்கு வருவோம். அது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: "வெள்ளையாகும்வரை கழுவுகிறேன்." ஃபில்டர் என்றால் அழுக்கைப் பிடிக்கும் சல்லடை என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அதன் பெரிய வேலை வேறு. மீன் தன் செவுள் வழியாகவே அமோனியாவை வெளியேற்றுகிறது. மிஞ்சிய தீனியும் கழிவும் அழுகும்போதும் அதுதான் உண்டாகிறது. அது மீனுக்கு விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். இது அவ்வளவு கெடுதல் செய்யாது, வாராவாரம் தண்ணீர் மாற்றும்போது குறைந்துவிடும். இந்த பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதந்துகொண்டு வாழ்வதில்லை, எதிலாவது ஒட்டிக்கொண்டுதான் வாழும். அவற்றுக்கு உங்கள் தொட்டியில் இருக்கும் பெரிய வீடு அந்தப் பஞ்சு. அதில் படியும் பழுப்பு வழுவழுப்பு முழுவதும் அழுக்கில்லை. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் அதை வெளுக்கும்வரை கழுவினால் வாரம் ஒருமுறை அந்தக் குடியிருப்பையே அழித்துவிடுகிறீர்கள். புதிதாக உருவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நீங்கள் ஏழு நாள்தான் தருகிறீர்கள்.

அதனால் எந்த வகை வாங்கினாலும், தண்ணீர் மாற்றும்போது எடுத்த தொட்டித் தண்ணீரை ஒரு வாளியில் வைத்துக்கொண்டு, அதில் பஞ்சை நாலைந்து முறை பிழிந்தால் போதும். பழுப்பாகவே இருக்கட்டும். தண்ணீர் வரத்து குறையும்போது மட்டும் இதைச் செய்யுங்கள்.

சரி, எதை வாங்குவது? உங்கள் தொட்டியின் அளவுகளைப் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 65 லிட்டர். கல், மேலே விடும் இடைவெளி போக 55 லிட்டர் தண்ணீர் இருக்கும். இதற்கு நான் சொல்வது பெரிய ஸ்பாஞ்ச் ஃபில்டர்.

அது வெறும் பஞ்சும் குழாயும்தான். வெளியே இருக்கும் ஏர் பம்ப் காற்றை அனுப்ப, குமிழிகள் குழாய் வழியே மேலேறும்போது தண்ணீரையும் தூக்கிச் செல்லும். அந்த இடத்துக்குப் புதுத் தண்ணீர் பஞ்சின் வழியாக நுழையும். மோட்டார் தண்ணீருக்குள் இல்லை. குமிழிகள் மேற்பரப்பைக் கலக்குவதால் ஆக்சிஜனும் சேரும். உங்கள் மீன்களுக்கு இப்போது அதுவும் தேவை. கப்பிகள் குட்டி போட்டால் அவற்றை உறிஞ்சி இழுக்காது. நீண்ட துடுப்புள்ள ஃபைட்டர் மீன் வளர்ப்பவர்களுக்கும் நான் இதையே சொல்வேன். வேகமான ஓட்டத்தில் அது நீந்தியே களைத்துப்போகும். ஸ்பாஞ்ச் ஃபில்டரின் குறை, பம்பின் இரைச்சல். தண்ணீரும் கண்ணாடிபோலப் பளிச்சென்று ஆகாது, நுண்துகள் கொஞ்சம் மிதக்கும். அட்டையில் போட்டிருக்கும் அளவை நம்பி 60 லிட்டர் வகை வாங்காதீர்கள், தங்கமீன் அதிகம் கழிவு போடும் மீன். 120 லிட்டர் வரை என்று போட்டிருப்பதை எடுங்கள். பம்பைத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வைத்தால், காற்றுக் குழாயில் ஒருவழி வால்வு கட்டாயம் போடுங்கள். இல்லாவிட்டால் மின்சாரம் நின்றதும் தண்ணீர் குழாய் வழியே திரும்பி வந்து பம்பில் இறங்கும்.

பின்பக்கம் தொங்கும் வகையும் நல்லதுதான். பஞ்சோடு, பாக்டீரியா ஒட்டி வாழும் செராமிக் வளையங்களும் போட இடம் இருக்கும். தேர்ந்தெடுத்தால் மணிக்குச் சுமார் 450 லிட்டர் தள்ளுவதாகப் பாருங்கள். சாதாரண மீன்களுக்கு மணிக்குத் தொட்டியின் 4, 5 மடங்கு போதும், தங்கமீனுக்கு 8 மடங்கு நல்லது. அதோடு வரும் கார்ட்ரிட்ஜை, அதாவது கழற்றி மாட்டும் வடிகட்டியை, மாதாமாதம் மாற்றச் சொல்வார்கள். மாற்றாதீர்கள், குழாயடியில் கழுவுவதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. உள்ளே கொஞ்சம் பஞ்சை வெட்டி நிரந்தரமாக வைத்துவிடுங்கள்.

கேனிஸ்டர், அதாவது தொட்டிக்கு வெளியே வைத்து குழாயால் இணைக்கும் டப்பா ஃபில்டர், உங்களுக்கு வேண்டாம். 150, 200 லிட்டருக்கு மேல் போனால்தான் அதன் அருமை தெரியும். மூடிய டப்பா என்பதால் மின்சாரம் சில மணி நேரம் நின்றாலே உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா சாகத் தொடங்கும். திரும்ப ஓடும்போது அந்தக் கெட்ட தண்ணீர் தொட்டிக்குள் வரும். மின்வெட்டு அதிகமென்றால், பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றை ஸ்பாஞ்ச் ஃபில்டரில் மாட்டினால் இந்தக் கவலை இல்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எந்த ஃபில்டரும் இந்தத் தொட்டியை இரண்டு தங்கமீன்களுக்கு ரொம்ப நாள் போதுமானதாக ஆக்காது. அவை 15 செ.மீ.க்கு மேலும் வளரும், அப்போது வாயில் நுழையும் கப்பிகளைத் தின்றுவிடும். தங்கமீனுக்குக் குளிர்ந்த தண்ணீர், கப்பிக்கு வெதுவெதுப்பு. இரண்டில் ஒன்றுக்கு வேறு இடம் பாருங்கள்.

புது ஃபில்டர் வந்ததும் பழையதைத் தூக்கிப்போட வேண்டாம். ஆறு வாரம் இரண்டும் சேர்ந்து ஓடட்டும். பழைய பஞ்சை இப்போதிலிருந்து கழுவாமல் விட்டு வையுங்கள். அதில் பழுப்பு கூடத் தொடங்கியதும் தொட்டித் தண்ணீரிலேயே லேசாகப் பிழிந்து, அந்தக் கலங்கலைப் புதுப் பஞ்சின்மீது விடுங்கள். அன்று தொட்டி அசிங்கமாகத்தான் இருக்கும், மறுநாள் தெளிந்துவிடும்.