அரச வீடமைப்புக் கடன் நிறுவனத்தைப் பணிப்பாளர் சபை எப்படி நடத்துகிறது? யாழ்ப்பாணக் கிளையில் வேலை செய்தவனின் பதில்

கேள்வி இதுதான்: "யாழ்ப்பாணத்தில் அரச வீடமைப்புக் கடனுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். 'கொழும்பில் சபை அனுமதிக்க வேண்டும்' என்கிறார்கள். இந்தச் சபை யார்? அது உண்மையில் என்னதான் செய்கிறது?"

'கொழும்பில் சபை அனுமதிக்க வேண்டும்' என்பதை யாரோ ஒரு லிகிதர் உங்கள் முகத்தைப் பார்க்காமலே சொல்லியிருப்பார். அத்திவாரம் போட்டுவிட்டீர்களோ, கல் அரிந்து வைத்துவிட்டீர்களோ தெரியாது. காசு கையில் இல்லாமல் மாரி வருவதற்குள் கூரை போட வேண்டிய நிலையில் இருப்பீர்கள் என்று எண்ணியே எழுதுகிறேன். நான் இப்படியான ஓர் அரச நிறுவனத்தின் யாழ்ப்பாணக் கிளையில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அங்கே இன்னும் வேலை செய்கிற பிள்ளைகளுக்கு என்னால் தொல்லை வரக்கூடாது.

முதலில் சட்டப்படி உள்ளதைச் சொல்கிறேன். இலங்கையில் வீட்டுக்குக் கடன் கொடுக்கவென்று சட்டம் இயற்றி உருவாக்கிய அரச அமைப்புகள் சில இருக்கின்றன. தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபை 1979 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. அரச ஈட்டு முதலீட்டு வங்கியின் வேர் 1931 இல் தொடங்கிய ஈட்டு வங்கி வரை போகிறது. இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு பணிப்பாளர் சபை உண்டு. உறுப்பினர்களில் பெரும்பாலானோரை விடயத்துக்குப் பொறுப்பான அமைச்சர் நியமிக்கிறார். திறைசேரியின் பிரதிநிதி ஒருவர் இருப்பார். வங்கியாகப் பதிவு பெற்றிருந்தால் மத்திய வங்கியின் விதிகளும் சேர்ந்துகொள்ளும். விசேட வங்கிகளுக்கு 2007 இல் வந்த பணிப்புரை, சபையில் 7 பேருக்குக் குறையவோ 13 பேருக்குக் கூடவோ கூடாது, ஒருவர் 9 ஆண்டுகளுக்கு மேல் இருக்கக்கூடாது, தலைவரும் பிரதம நிறைவேற்று அதிகாரியும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது என்று வகுத்தது. கணக்குகளைக் கணக்காய்வாளர் நாயகம் பார்ப்பார். அதன் பின்னர் அரச நிறுவனங்களை விசாரிக்கும் பாராளுமன்றத்தின் கோப் குழு, சபைத் தலைவரையும் பொது முகாமையாளரையும் அழைத்துக் கேள்வி கேட்கும்.

இவ்வளவும் எந்த ஆண்டறிக்கையிலும் அச்சில் இருக்கும். இதைப் படித்துவிட்டு, சபை என்பது உங்கள் கோப்பை விரித்து வைத்து, உங்களுக்கு வீடு கொடுப்பதா இல்லையா என்று பேசுகிற இடம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒழுங்காக நடக்கும் சபை அதைச் செய்யக்கூடாது. அது மூன்று காரியங்களைச் செய்ய வேண்டும். எந்தத் தொகை வரை கிளை முகாமையாளர் ஒப்பமிடலாம், அதற்கு மேல் யார் என்று அதிகாரத்தைப் பகிர்ந்து கொடுப்பது ஒன்று. யாருக்கு, எந்தப் பிணையில், எந்த வட்டிக்குக் கடன் என்ற கொள்கையை எழுதி வைப்பது இன்னொன்று. பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது மூன்றாவது. கடைசியாகச் சொன்னதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. மக்கள் வைப்பில் இடுவது பெரும்பாலும் ஓராண்டுக்கு. நிறுவனம் கடன் கொடுப்பது 15, 20 ஆண்டுக்கு. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி உயர்த்தியது. வைப்பாளனுக்குக் கொடுக்கும் வட்டி மேலே பாய, பழைய கடனாளியிடமிருந்து வரும் வட்டி இருந்த இடத்திலேயே இருந்தால் அந்த நிறுவனம் எத்தனை மாதம் தாங்கும்? இதை முன்கூட்டியே கேட்கத் தெரிந்த ஒருவர் சபையில் இருக்கிறாரா இல்லையா என்பதுதான் உங்கள் பேரப்பிள்ளைக்கும் வீட்டுக் கடன் கிடைக்குமா என்பதைத் தீர்மானிக்கிறது.

சபைக்கு நேரடியாகப் போவது பெரும்பாலும் கொள்கையை மீறும் விண்ணப்பங்கள்தான். உங்களுடையது போயிருக்கிறது என்றால் அதில் ஏதோ ஒன்று சுற்றறிக்கைக்குள் அடங்காமல் இருக்கக்கூடும். யாழ்ப்பாணத்தில் அந்த ஏதோ ஒன்று அநேகமாகக் காணி உறுதியில்தான் இருக்கும். எனக்கு நேர்ந்த விடயத்தைச் சொன்னால் உங்களுக்கு விளங்கும்.

மயிலிட்டிப் பக்கத்து ஆசிரியை ஒருவர் 2018 இல் எங்களிடம் வந்தார். 1990 இல் சிறுபிள்ளையாக இடம்பெயர்ந்தவர். பெற்றோர், இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டுக் கிடந்த காணியைச் சீதன உறுதியாக எழுதிக் கொடுத்துத்தான் கலியாணம் செய்து வைத்தார்கள். கலியாணத்தன்று அந்தக் காணியை மாப்பிள்ளை கண்ணால் கண்டதில்லை. கணவர் 2006 இல் காணாமற்போனார். 2017 இல் காணி விடுபட்டது. அவர் உறுதியைப் பொலித்தீன் உறையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். மடிப்புகளில் தாள் கிழிந்து, பின்பக்கம் ஒட்டுநாடா ஒட்டி, அந்த நாடாவும் பழுத்து மஞ்சளாகியிருந்தது. மூன்று பரப்புக் காணி. எல்லைகளாக எழுதியிருந்த நான்கு பேரில் ஒருவர் கூட இப்போது அங்கே இல்லை.

சம்பளம் இருந்தது. காணி இருந்தது. நில அளவைப் படம் புதிதாக எடுத்திருந்தார். எல்லாம் சரி, ஒன்றைத் தவிர. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மனைவி, தன் பெயரில் உள்ள அசையாச் சொத்தைக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் ஈடு வைக்க முடியாது. 1911 இல் எழுதிய யாழ்ப்பாண விவாக உரிமைகள், உரித்துக் கட்டளைச் சட்டம் இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது. எங்கள் சுற்றறிக்கை இரண்டு வழிதான் காட்டியது: கணவனின் ஒப்பம், அல்லது அவருடைய மரணச் சான்றிதழ்.

மரணச் சான்றிதழ் எடுப்பதற்கு அப்போது இலகுவான சட்ட வழி இருந்தது. நான் அதைச் சொன்னேன். "அவர் இறந்துவிட்டார் என்று நான் எழுதி ஒப்பமிட மாட்டேன் ஐயா. வீடு இல்லாவிட்டாலும் பரவாயில்லை" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. உறுதியை மடித்துத் திரும்ப உறைக்குள் வைத்தார்.

ஆனால் அதே 1911 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இன்னொரு பிரிவு இருக்கிறது. கணவன் இருக்கும் இடம் தெரியாவிட்டால் மனைவி மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய், சம்மதம் இல்லாமலே ஈடு வைக்க அனுமதி பெறலாம். இறந்தார் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. கொழும்பில் சுற்றறிக்கை எழுதியவர்களுக்கு அப்படி ஒரு பிரிவு இருப்பதே தெரிந்திருக்கவில்லை. நாங்கள் சபைப் பத்திரம் தயாரித்தோம். பின்னணி, கிளையின் சிபாரிசு, சட்டப் பிரிவின் கருத்து, நிதிப் பிரிவின் கருத்து, கடைசியில் கோரும் தீர்மானம் என்று அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. அந்தக் கடைசி வரியில் பிழை விட்டால் முழுப் பத்திரமும் திரும்பிவிடும்.

சபை ஒத்திவைத்தது. கிளையில் எல்லோருக்கும் கோபம். ஆனால் கூட்டக் குறிப்பின் பிரதி வந்தபோது பார்த்தேன்: திறைசேரிப் பிரதிநிதி ஒரு கேள்வி கேட்டிருந்தார். இது ஒருவருக்குக் காட்டும் சலுகையா, இப்படி இன்னும் பலர் இருக்கிறார்களா? பலர் இருந்தால் கொள்கைத் திருத்தமாகக் கொண்டுவாருங்கள் என்றிருந்தார். அவருக்கு யாழ்ப்பாணம் தெரியாது, தேசவழமை தெரியாது. ஆனால் சபை உறுப்பினராக இருப்பது எப்படி என்று தெரிந்திருந்தது. ஒரு பெண்ணின் கோப்பில் இரக்கப்பட்டு ஒப்பமிட்டிருந்தால் அது அந்தப் பெண்ணோடு முடிந்திருக்கும். அவர் விதியை மாற்றச் சொன்னார். நாங்கள் இதே காரணத்துக்காகத் திருப்பி அனுப்பிய விண்ணப்பங்களையெல்லாம் பதிவேட்டிலிருந்து எடுத்தோம். வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கோப்புகளிலும் இதே கதை. புதிய பத்திரத்தைச் சபை ஏற்றுக்கொண்டது. மாவட்ட நீதிமன்றக் கட்டளை இருந்தால் போதும் என்று தீர்மானம். என் சேவைக் காலத்தில் நான் பெருமைப்படுகிற வேலை அதுதான். அதைச் சொல்வதற்கு நான் வெட்கப்படவில்லை.

உங்களுக்கு உண்மையில் தேவையானது இனித்தான் வருகிறது. தீர்மானம் எடுத்த கூட்டத்தின் குறிப்பை அடுத்த கூட்டம் உறுதிப்படுத்திய பிறகே எங்கள் நிறுவனத்தில் சுற்றறிக்கை வெளிவரும். அடுத்த கூட்டம் நடக்கவில்லை. 2019 நவம்பரில் ஆட்சி மாறியது. தலைவர் விலகினார், மற்றவர்களும் விலகினார்கள். புதிய நியமனங்கள் வரும் வரை கூட்ட நடப்பெண், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச ஆட்கள், இல்லை. தீர்மானம் இருக்கிறது, அதை நடைமுறைப்படுத்த யாருக்கும் அதிகாரம் இல்லை. அந்த ஆசிரியை நீதிமன்றக் கட்டளையை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். சகோதரர்களின் உதவியோடு யன்னல் மட்டம் வரை எழுப்பிய சுவரில் மாரி முழுவதும் தண்ணீர் இறங்கிப் பாசி பிடித்தது. நான் கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தால் "புதிய சபை வரட்டும்" என்பார்கள். யாரைக் குறை சொல்வது? எந்தக் கதிரையிலும் ஆள் இல்லை. புதிய சபை கூடி அந்தக் குறிப்பை உறுதிப்படுத்தியபோது பழைய மதிப்பீட்டுத் தொகை கூரைக்குப் போதவில்லை. மீண்டும் மதிப்பீடு. மீண்டும் கிளையிலிருந்து கடிதம்.

ஒரு தேர்தல் முடிந்தால் வீடமைப்பு நிறுவனத்தின் முழுச் சபையும் ஒரே நாளில் போய்விடுகிற வழக்கம் இருக்கும் வரை, எவ்வளவு நல்ல நிர்வாக வழிகாட்டியை எழுதினாலும் பயனில்லை. உறுப்பினர்களின் பதவிக்காலம் வெவ்வேறு ஆண்டுகளில் முடியும்படி நியமித்தால் போதும். எந்த நாளிலும் கூட்டம் நடத்த ஆள் இருக்கும். 2015 இலும் ஆட்சி மாறியது, 2024 இலும் மாறியது. ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு வீட்டுச் சுவர் நனைகிறது.

இதைப் படித்துவிட்டுச் சிலர் சொல்வார்கள்: நீங்கள் கிளையில் இருந்தவர், சபை அறைக்குள் நடப்பது உமக்கு எப்படித் தெரியும் என்று. பத்திரத்தை விளக்க எங்களை உள்ளே அழைப்பார்கள். விளக்கி முடிந்ததும் வெளியே அனுப்பிவிடுவார்கள். மிச்சத்தைக் கூட்டக் குறிப்பில் வாசித்தேன். இன்னும் சிலர், அரசியல் தலையீட்டைப் பற்றி ஏன் எழுதவில்லை என்பார்கள். எழுதுகிறேன். அமைச்சரின் ஆட்கள் தந்த பயனாளிகள் பட்டியலைச் சபையில் வைத்து அங்கீகரிக்கச் சொன்ன காலமும் இருந்தது. அப்போது ஓர் உறுப்பினர் தன் எதிர்ப்பைக் குறிப்பில் பதியச் சொன்னார். பதிந்தார்கள். பட்டியல் நிறைவேறியது. ஆனால் பின்னர் கணக்காய்வு வந்தபோது அந்த ஒரு வரிதான் கேள்வியைத் தொடக்கி வைத்தது. ஆகவே எதிர்ப்பைப் பதிவது வீண் என்று என்னிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

வேறொரு விடயம், கேள்விக்குச் சம்பந்தம் இல்லை, ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் ஊரில் பூட்டிக் கிடக்கும் மாடி வீடுகள். கனடாவிலும் இலண்டனிலும் இருந்து வந்து ஆண்டுக்கு இரண்டு கிழமை தங்குவதற்குக் கட்டியவை. வெளிநாட்டில் இருப்பவர்கள் கோபிக்க வேண்டாம். போர்க் காலத்தில் எங்களைத் தாங்கியது அவர்களுடைய காசு, அதை மறக்கவில்லை. ஆனால் அவர்கள் கேட்ட விலைக்கு வாங்கியதால் ஒரு பரப்புக் காணி ஓர் ஆசிரியரின், தாதியின், பிரதேச செயலக எழுதுநரின் எட்டாக் கனியாகிவிட்டது. விலைமதிப்பீட்டாளர் பக்கத்துக் காணி போன விலையைப் பார்த்துத்தான் எழுதுகிறார். கடன் கொள்கையில் உள்ள உச்சத் தொகையோ கொழும்பில் எப்போதோ போட்டது. இந்த இடைவெளியைச் சபை காணும்படி செய்ய இங்கே யாருக்கும் அக்கறை இல்லை. குறைந்தது ஒரு வட மாகாணத்து ஆள், காணியும் உறுதியும் தெரிந்த ஆள், ஒவ்வொரு வீடமைப்புச் சபையிலும் இருக்க வேண்டும் என்று கேட்டு நம் பிரதிநிதிகள் ஒரு கடிதமாவது எழுதியிருப்பார்களா?

உங்கள் விடயத்துக்கு வருகிறேன். கிளைக்குப் போய் "என் விண்ணப்பம் என்ன ஆனது" என்று கேட்காதீர்கள். என் கோப்புக்குச் சபைப் பத்திரம் அனுப்பியாகிவிட்டதா, அதன் இலக்கம் என்ன, எந்தத் திகதியில் அனுப்பினீர்கள் என்று கேளுங்கள். அனுப்பவில்லை என்றால் தாமதம் யாழ்ப்பாணத்தில். கொழும்பைக் குறை சொல்லிப் பயனில்லை. அனுப்பியிருந்தால், தலைமையகத்தின் தகவல் அலுவலருக்கு 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தமிழிலேயே விண்ணப்பம் எழுதுங்கள். உங்கள் பத்திரம் தொடர்பான கூட்டக் குறிப்புப் பகுதியையும், சபை கடைசியாகக் கூடிய திகதியையும் கேளுங்கள். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் அறிவிக்க வேண்டும். மறுத்தால், குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யலாம். காணி உங்கள் மனைவியின் பெயரிலோ உங்கள் பெயரிலோ சீதனமாக வந்ததென்றால், கடன் அனுமதி வரும் வரை காத்திராமல் இப்போதே ஒரு சட்டத்தரணியிடம் உறுதியைக் காட்டி, யாருடைய சம்மதம் தேவை என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.