ஆகாயத்தாமரை மீண்டும் மீண்டும் வருவது ஏன்?

வணக்கம். வேளச்சேரியில் உங்கள் குடியிருப்பை ஒட்டிய குளத்தில் இருமுறை ஆகாயத்தாமரையை அகற்றியும் மூன்றே மாதத்தில் மீண்டும் மூடிவிட்டது என்றும், ஒரு நாள் விடியற்காலையில் மீன்கள் செத்து மிதந்தன என்றும் எழுதியிருந்தீர்கள். நீங்கள் இணைத்த படத்தில், பிடுங்கிய செடிகள் கரையிலேயே குவிந்து கிடக்கின்றன; கோளாறின் பாதி அங்கேதான் இருக்கிறது.

செடி உறிஞ்சிய சத்துகளான நைட்ரஜனும் பாஸ்பரசும், அது அழுகியதும் அடுத்த மழையோடு குளத்துக்கே திரும்பிவிடும். நைட்ரஜனில் ஒரு பகுதியையாவது சேற்றிலுள்ள பாக்டீரியாக்கள் வாயுவாக மாற்றிக் காற்றுக்கு அனுப்பிவிடும். பாஸ்பரசுக்கு அப்படி வெளியேறும் வழி இல்லாததால், அது அடிச்சேற்றில் தங்கி, அங்கே ஆக்சிஜன் குறையும்போதெல்லாம் மீண்டும் நீரில் கரைகிறது. கனடாவில் 1973இல் ஓர் ஏரியைத் திரையிட்டு இரண்டாகப் பிரித்து, இருபுறமும் கார்பனும் நைட்ரஜனும் இட்டு, ஒருபுறம் மட்டும் பாஸ்பரசையும் சேர்த்தார்கள். அந்தப் பக்கமே பாசியால் பச்சையானது.

மீன்கள் விடியலில் இறந்ததும் தற்செயல் அன்று. இரவில் ஒளிச்சேர்க்கை நின்றுவிட, பாசியும் பாக்டீரியாவும் சுவாசித்துக்கொண்டே இருப்பதால், விடிவதற்குச் சற்று முன்புதான் நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும்.

கோளாறின் மறுபாதி, இந்தச் சத்துகள் கழிவுநீரோடு குளத்துக்குள் வரும் வழி. சித்திரை வெயிலில், மழையே இல்லாத ஒரு வாரத்தில், குளத்தில் சேரும் மழைநீர் வடிகாலின் வாயைப் போய்ப் பாருங்கள். அப்போதும் நீர் ஓடினால் அது பெரும்பாலும் கழிவுநீர்தான். யாரோ கள்ள இணைப்பு கொடுத்திருக்கிறார்கள். அதை அடைக்காமல் தூர்வாருவது, என் கணிப்பில், வீண்செலவு. அடைத்த பிறகு, செடிகளைப் பிடுங்கிய அன்றே லாரியில் ஏற்றிக் குளத்தின் நீர்வரத்துப் பகுதிக்கு வெளியே கொண்டுபோய்விடுங்கள்.