கொரியத் தொடர்கள், அடுத்து எது? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

'வென் லைஃப் கிவ்ஸ் யூ டேன்ஜரின்ஸ்' பார்த்து முடித்த பிறகு வேறு எதிலும் மனம் ஒட்டவில்லை. அதற்கு முன்பு 'க்ராஷ் லேண்டிங் ஆன் யூ' மிகவும் பிடித்திருந்தது. அதே ஹ்யூன் பின் நடித்தது என்று 'மெமரீஸ் ஆஃப் தி அல்ஹாம்ப்ரா' தொடங்கி, பத்தாவது பகுதியில் விட்டுவிட்டேன். என் கணவர் கொலை, விசாரணை என்று இருந்தால்தான் உட்காருவார். மாமியாரால் சப்டைட்டில் படிக்க முடியாது. அடுத்து எதைப் பார்க்கலாம்? கொரியத் தொடர்கள் ஏன் பத்துக்கு மேல் தொய்ந்துபோகின்றன? நம் சீரியல்களும் இப்படிப் பதினாறில் முடிந்தால் என்ன?

வாசகி, கும்பகோணம்

*

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் நடிகரைப் பின்தொடர்ந்து போயிருக்கிறீர்கள். சினிமாவுக்கு அது ஓரளவு சரிப்படும், கொரிய டிராமாவுக்குச் சரிப்படாது. அங்கே தொடர் என்பது எழுத்தாளரின் சொத்து. பெரும்பாலும் பதினாறு பகுதியையும் ஒருவரே எழுதுகிறார். புதுத் தொடரை அறிவிக்கும்போதே 'இன்ன தொடரை எழுதியவர்' என்று சொல்லித்தான் ஆள் சேர்ப்பார்கள். 'க்ராஷ் லேண்டிங்' பார்க் ஜி-உன் எழுதியது. 'அல்ஹாம்ப்ரா' சோங் ஜே-ஜங் எழுதியது. இவர் விசித்திரமான ஒரு விதியைக் கற்பனை செய்து அதை வைத்து விளையாடுபவர். முதல் நான்கு பகுதி நம்மை அசையவிடாது. பிறகு அந்த விதியையே சுற்றிச் சுற்றி வரும், பழைய காட்சிகள் திரும்பத் திரும்ப வரும். நீங்கள் பத்தில் விட்டதில் வியப்பில்லை.

பார்க் ஜி-உன்தான் வேண்டும் என்றால் 2024இல் வந்த 'குயீன் ஆஃப் டியர்ஸ்' இருக்கிறது. பணக்கார மனைவி, கிராமத்து மாப்பிள்ளை, விவாகரத்தின் விளிம்பில் நிற்கும் கல்யாணம். மாப்பிள்ளைகள் எல்லாம் சமையலறையில் நின்று மாமனார் வீட்டுத் திவசத்துக்குப் பலகாரம் செய்யும் காட்சி ஒன்று போதும், அவருடைய நக்கல் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள. ஆனால் கடைசி மூன்றிலொரு பங்கில் மூளை அறுவை சிகிச்சை, மறதி, வில்லனின் துப்பாக்கி என்று பழைய சாமான்களை எல்லாம் இறக்கிவிடுகிறார். பதினொன்று வரை ரசித்துவிட்டு, மிச்சத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

தொய்வுக்குக் காரணம் தயாரிப்பு முறையில் இருக்கிறது. முன்பெல்லாம் முதல் நான்கைந்து பகுதியை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு ஒளிபரப்பைத் தொடங்கிவிடுவார்கள். வாரம் இரண்டு பகுதி போகும், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்கு மேல். கையிருப்பு தீர்ந்ததும் எழுத்தாளர் எழுத எழுத, பக்கம் பக்கமாகப் படப்பிடிப்புத் தளத்துக்குத் தாள் போகும். மறுநாள் காலையில் ரேட்டிங் வரும், அதைப் பார்த்துக் கதை வளையும். காதல் எட்டு, பத்தில் கூடிவிடும், இன்னும் ஆறு மணி நேரம் மிச்சம் இருக்கும். அதை நிரப்பத்தான் நோய், பிரிவு, கம்பெனிச் சதி, 'ஓராண்டுக்குப் பிறகு' என்ற அட்டை. வாரத்துக்கு 52 மணி நேர வேலை என்ற சட்டம் 2018இல் நடைமுறைக்கு வரத் தொடங்கிய பிறகு, முன்கூட்டியே எடுத்து முடிக்கும் வழக்கம் வளர்ந்தது. தாள் தாமதமாக வரும் தொல்லை குறைந்தது. ஆனால் பதினாறு என்ற அச்சு அப்படியே நின்றது, பன்னிரண்டு மணி நேரக் கதையைப் பதினாறுக்கு இழுப்பதும் நிற்கவில்லை. இப்போது பன்னிரண்டிலேயே முடியும் தொடர்கள் நிறைய வருகின்றன. சந்தேகம் இருந்தால் பன்னிரண்டு பகுதித் தொடரையே எடுங்கள்.

'டேன்ஜரின்ஸ்' தொய்யாததற்கு அதன் அமைப்பும் ஒரு காரணம். வசந்தம், கோடை, இலையுதிர் காலம், குளிர்காலம் என்று நான்கு பருவங்கள், பருவத்துக்கு நான்கு பகுதி. 2025 மார்ச்சில் வாரம் நான்காக வெளியிட்டார்கள். ஒவ்வொரு நான்கும் தனியாக ஒரு படம்போல முடியும். அதை எழுதியவர் இம் சாங்-சூன், இயக்கியவர் கிம் வொன்-சோக். உங்கள் அடுத்த தொடர் இந்த இரண்டு பெயரில் ஒன்றிலிருந்து வரட்டும்.

இம் சாங்-சூன் வழியாகப் போனால் 'வென் த கமேலியா ப்ளூம்ஸ்' (2019). கடலோரச் சிற்றூரில் மதுக்கடை நடத்தும், தனியாகப் பிள்ளை வளர்க்கும் பெண், அவளைச் சுற்றி ஊர்ப் பெண்களின் வாய், அவள்மேல் பித்தாகத் திரியும் ஒரு போலீஸ்காரன். நடுவில் தொடர்கொலைகாரன் ஒருவனும் இருக்கிறான். உங்கள் கணவரையும் உட்காரவைக்க ஒரே தொடர் என்றால் இதுதான். 'டேன்ஜரின்ஸில்' கதாநாயகி ஏ-சுன்னின் அம்மாவாக வந்து நம்மைக் கலங்கடித்த யோம் ஹே-ரன் இதில் வழக்கறிஞர், வெட்டொன்று துண்டிரண்டு. சில இடங்களில் இதை 40 பகுதி என்று போட்டிருப்பார்கள், பயப்பட வேண்டாம். கேபிள் இல்லாமல் ஆன்டெனாவிலேயே வரும் தரைவழிச் சேனல்கள் நிகழ்ச்சி நடுவில் விளம்பரம் போடக் கூடாது என்ற விதி 2021 வரை இருந்தது. அதனால் ஒரு மணி நேரத்தை இரண்டாக வெட்டி, இரண்டு பகுதி என்று கணக்குக் காட்டி, இடையில் விளம்பரம் ஓட்டினார்கள். உண்மையில் இருபதுதான்.

கிம் வொன்-சோக் வழியாகப் போனால் 'மை மிஸ்டர்' (2018). ஏ-சுன்னாகவும் மகளாகவும் நடித்த ஐயூ இதில் சிரிப்பே இல்லாத, கடன்காரனிடம் அடிவாங்குகிற, காது கேளாத பாட்டியைத் தாங்குகிற பெண். கட்டடங்களின் உறுதியைச் சோதிக்கும் பொறியாளர் ஒருவரின் கைபேசியை அவள் ஒட்டுக்கேட்கிறாள். அவள் காதில் விழும் அவருடைய மூச்சும் நடையும்தான் கதை. எழுதியவர் பார்க் ஹே-யங். முதல் இரண்டு பகுதி இருட்டாக, யார் யாருக்கு எதிரி என்று புரியாமல் போகும். பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். நான்காவது வரை பொறுங்கள். என் கணக்கில் கொரியத் தொடர்களில் முதல் இடம் இதற்குத்தான். ஆனால் 'டேன்ஜரின்ஸ்' முடித்த கையோடு பார்க்காதீர்கள். நடுவில் 'கமேலியா' வரட்டும்.

'ரிப்ளை 1988'ஐ எல்லோரும் சிபாரிசு செய்வார்கள். நல்ல தொடர்தான். இருபது பகுதி, பல பகுதிகள் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். கணவனாக யார் வருவான் என்ற புதிரை மறந்துவிட்டு அந்தத் தெருவின் அம்மா அப்பாக்களைப் பாருங்கள், நேரம் போவது தெரியாது.

கணவருக்குத் தனியாக என்றால் 'ஸ்ட்ரேஞ்சர்' (2017). லீ சூ-யோனின் முதல் தொடர் என்றால் நம்ப முடியாது. மூளை அறுவை சிகிச்சையால் உணர்ச்சி மங்கிப்போன அரசு வழக்கறிஞர், அவரோடு சேரும் பெண் போலீஸ் அதிகாரி, ஒரு கொலை, அதிலிருந்து கிளைக்கும் லஞ்ச வலை. காதல் கிடையாது. கஷ்டம் பெயர்களில்தான். முதல் இரண்டு பகுதியில் பத்துப் பதினைந்து பேர் வந்துபோவார்கள். யார் வழக்கறிஞர் அலுவலகம், யார் போலீஸ், யார் தொழிலதிபர் குடும்பம் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டால் ஐந்திலிருந்து ஓட்டம் தானாக வரும். கைபேசியை நோண்டிக்கொண்டே பார்க்க முடியாது.

அது கனம் என்று நினைத்தால் கிம் உன்-ஹீயின் 'சிக்னல்' (2016). ஒரு பழைய வாக்கி-டாக்கி வழியாக இன்றைய போலீஸும் பல ஆண்டுகளுக்கு முந்தைய போலீஸும் பேசிக்கொள்கிறார்கள். இதுவும் கிம் வொன்-சோக் இயக்கியதே. கொரியாவில் உண்மையில் நடந்த ஹ்வாசோங் தொடர்கொலைகளின் சாயல் கொண்ட வழக்கு இதில் வருகிறது. அந்த வழக்கின் உண்மைக் கொலையாளி டிஎன்ஏ மூலம் அடையாளம் காணப்பட்டது 2019இல்தான், தொடர் முடிந்து மூன்று ஆண்டுகள் கழித்து. முடிவு திறந்தே நிற்கும் என்று கணவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் உங்களிடம்தான் சண்டைக்கு வருவார்.

மாமியார் விஷயம். எது தமிழில் இருக்கிறது என்பது மாறிக்கொண்டே இருப்பதால் தொடங்குமுன் ஒலி மொழிப் பட்டியலைப் பாருங்கள். நெட்ஃபிளிக்ஸ் சில சாதனங்களில் எல்லா மொழியையும் காட்டாமல் இருக்கலாம். தமிழ் தென்படவில்லை என்றால் ப்ரொஃபைல் அமைப்பில் நீங்கள் பார்க்கும் மொழிகளில் தமிழைச் சேர்த்துவிட்டு மறுபடி தேடுங்கள். பேச்சிலேயே வாழும் 'மை மிஸ்டர்' போன்றவை டப்பிங்கில் பாதி செத்துவிடும், சம்பவத்தால் நகர்பவை தாங்கும். 'எக்ஸ்ட்ராஆர்டினரி அட்டர்னி வூ' போல ஏறக்குறைய பகுதிக்கொரு வழக்கு என்று வருபவை அவருக்குத் தோது, நடுவில் எழுந்து போனாலும் கதை விட்டுப்போகாது.

நம் சீரியல்கள் பதினாறில் முடியாததற்குக் காரணம் எளிது. தினசரி நேரத்தைத்தான் விற்கிறார்கள், கதையை அல்ல. பார்ப்பவர் இருக்கும்வரை முடிக்கக் காரணமே இல்லை. கொரியாவிலும் நூறு பகுதியைத் தாண்டும் தினசரித் தொடர்கள் உண்டு. அவை நம் கைக்கு அதிகம் வருவதில்லை, அவ்வளவுதான். குறுகிய தொடர்கள் தமிழிலும் இப்போது ஓடிடியில் இருக்கின்றன. படிக்க ஆசைப்பட்ட ஏ-சுன்னை உங்களுக்குப் பிடித்திருந்தால் 'அயலி'யைப் பாருங்கள். ஜீ5இல் 2023இல் வந்தது, எட்டே பகுதி. வயதுக்கு வந்துவிட்டால் படிப்பு நின்றுவிடும் என்பதால் அதை மறைத்துப் பள்ளிக்குப் போகும் பெண். அம்மாவாக நடித்திருக்கும் அனுமோளுக்காகவே பார்க்கலாம். மாமியாருக்கு டப்பிங் தொல்லையும் இல்லை, இந்த வாரக் கடைசியிலேயே மூவரும் சேர்ந்து தொடங்கலாம்.

கடைசியாக ஒன்று. வாரம் இரண்டு பகுதி வந்த தொடர்களில் இரட்டைப்படைப் பகுதியின் முடிவில்தான் பெரிய கொக்கி இருக்கும், ஐந்து நாள் காத்திருக்கவைக்க வேண்டுமே. இரவில் நிறுத்த முடியவில்லை என்றால் பகுதி முடியும் இடத்தில் நிறுத்தப் பார்க்காதீர்கள். அடுத்த பகுதியைத் தொடங்கி, கொக்கி அவிழும் முதல் கால் மணி நேரத்தைப் பார்த்துவிட்டு அணையுங்கள்.