பாஸ்போர்ட்டில் 'பிள்ளை' சேர்க்கலாமா?

தம்பி, வாடகை, பழைய கார், மளிகைக்கடையெல்லாம் வந்த வாரத்திலேயே பிடிபட்டுவிடும். பாஸ்போர்ட்டில் சர்நேம் காலி, அமெரிக்க விசாவில் 'எஃப்என்யூ' என்று வந்திருக்கிறது, தாத்தாவின் 'பிள்ளை'யைச் சேர்த்துவிடவா என்று கேட்டீர்களே, அதுதான் முக்கியம்.

எஃப்என்யூ என்றால் 'ஃபர்ஸ்ட் நேம் அன்னோன்', அதாவது முதற்பெயர் தெரியாது. சர்நேம் காலியாக இருந்தால் உங்கள் பெயர் அந்தக் கட்டத்துக்குப் போய்விடும். முதற்பெயர்க் கட்டத்தில் இந்த மூன்றெழுத்து உட்காரும். ஆஸ்பத்திரியில் 'ஃப்னு' என்று கூப்பிட்டால் நீங்கள்தான் எழுந்து போகவேண்டும்.

முதலில் ஐ-94 பதிவை, அதாவது நீங்கள் அமெரிக்காவுக்குள் வந்ததற்கான பதிவை, திறந்து பாருங்கள். ஓரெழுத்து பிசகினாலும் அமெரிக்கச் சுங்க, எல்லைக் காவல் துறையான சிபிபியின் டெஃபர்ட் இன்ஸ்பெக்‌ஷன் அலுவலகத்தில் திருத்திய பிறகே சோஷியல் செக்யூரிட்டி எண், அதன்பின் டிரைவிங் லைசென்ஸ். லைசென்ஸ் கவுண்டரில் குடியேற்றப் பதிவோடு ஒப்பிடுவார்கள்; பொருந்தாவிட்டால் நாள்கணக்கில் இழுக்கும்.

பிறகு இந்தியத் தூதரகம் வழியாகப் பெயரை முதற்பெயர், சர்நேம் என்று பிரித்துப் புது பாஸ்போர்ட் வாங்குங்கள். அடுத்த விசா ஸ்டாம்பிங்கில் எஃப்என்யூ போய்விடும். சர்நேமாக அப்பா பெயரைப் போடுங்கள். பாஸ்போர்ட் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் எப்படி இருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே. வ.உ.சி.யின் அப்பா உலகநாதன். இனிஷியல் தமிழில் 'உ', ஆங்கிலத்தில் 'ஓ'. உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று ஒளிந்திருக்கும்.

'பிள்ளை' ஏன் வேண்டாம்? உங்கள் பள்ளிச் சான்றிதழிலும் டிகிரியிலும் அந்தச் சொல் இல்லை. கிரீன் கார்டு வரைக்கும் அஃபிடவிட் கொடுத்துக்கொண்டே இருப்பீர்கள். ஸ்பெல்லிங்கும் ஒன்றல்ல: மலையாள எழுத்தாளர் தகழி சிவசங்கரப் பிள்ளை ஆங்கிலத்தில் 'ஐ' போட்டு முடித்தார், டர்பனில் பிறந்து 2008 முதல் 2014 வரை ஐ.நா. மனித உரிமை ஆணையராக இருந்த நவநீதம் பிள்ளை 'ஒய்'. நான்கு ஒலிம்பிக் ஆடிய ஹாக்கி வீரர் தன்ராஜ் பிள்ளையும் 'ஒய்'தான். அது அவர்கள் பிறவியிலோ குடும்பத்திலோ வந்த பெயர். 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை விடச் சொல்லித் தீர்மானம் போட்டு, ஊரே உதறிய பிறகு, இங்கே வந்து 'ஃபாரம் கேட்கிறது' என்று மறுபடி ஒட்டிக்கொள்பவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான். ஃபாரம் கேட்பது ஒரு சொல், சாதி அல்ல.

ஊருக்குப் போகிற வழியில் துபாயில் இறங்கிச் சுற்றிப் பார்க்கும் எண்ணம் இருந்தால், அதற்கு முன்பே பாஸ்போர்ட்டை மாற்றிவிடுங்கள். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா கிடையாது என்று 2022 நவம்பரில் அமீரகம் அறிவித்தது. அப்பா பெயர் கடைசிப் பக்கத்தில் இருந்தால் விடுவோம் என்று பிறகு தளர்த்தினார்கள். ஆனாலும் செக்-இன் கவுண்டரில் நின்று அதை விளக்குகிற வேலை உங்களுடையது.