ஆஸ்ட்ரகோடா: ஓட்டைத் திறந்து பார்க்கலாம்

கேள்வி: கடல் மணலைச் சலித்ததில் எள்ளளவு இரட்டை ஓடுகள் கிடைத்தன. சிப்பிக் குஞ்சுகளா, ஆஸ்ட்ரகோடாவா?

பதில்: வளர்ச்சிக் கோடுகளைத் தேடுங்கள். சிப்பி தன் ஓட்டை விளிம்பில் கூட்டிக்கொண்டே போவதால் கோடு விழும். ஆஸ்ட்ரகோடா இறால், நண்டுகளின் உறவு. வளரும்போது பழைய ஓட்டை முழுதாகக் கழற்றிவிட்டுப் புதிதாகச் சுரந்துகொள்ளும். கோடுகளுக்கு இடமே இல்லை.

கேள்வி: ஓட்டை வைத்தே வகைப்படுத்தலாமே! உடலை ஏன் அறுக்க வேண்டும்?

பதில்: புதைபடிவம் ஆய்பவருக்குப் பெரும்பாலும் ஓடுதான் கதி. இரு ஓடுகளும் இணையும் கீலும், ஓட்டை மூடும் தசையின் தழும்பும் அவருக்கு நிறையவே சொல்லும். ஆனால் முழு உயிரி கையில் இருக்கும்போது ஓட்டோடு நின்றுவிடாதீர்கள், அது பெரிய இழப்பு. இங்கிலாந்தின் ஹெரஃபோர்ட்ஷயரில் கிடைத்த கொலிம்போசாத்தான் என்ற ஆஸ்ட்ரகோடாவை 2003-இல் விவரித்தார்கள். வயது சுமார் 42.5 கோடி ஆண்டுகள். கால்கள், கண்கள், செவுள்கள், ஆணுறுப்பு எல்லாம் பாறைக்குள் அப்படியே இருந்தன. இன்றும் வாழும் ஒரு குடும்பத்தின் உடலமைப்பு அது! பழங்கால ஆஸ்ட்ரகோடாக்களின் உறவை ஓட்டை மட்டும் நம்பி முடிவு செய்யக் கூடாது என்று அதை ஆராய்ந்தவர்களே எச்சரித்தார்கள்.

கேள்வி: ஆஸ்ட்ரகோடாவின் இரு பெரும் பிரிவுகளான மையோடோகோபா, போடோகோபா இரண்டையும் எப்படிப் பிரிப்பது?

பதில்: முன்னதில் பெரும்பாலானவற்றுக்கு இதயம் உண்டு, பின்னதற்கு இல்லை. ஆனால் பதப்படுத்திய மாதிரியில் இதயத்தைத் தேடிக் களைத்துப்போவீர்கள். இரண்டாம் உணர்கொம்பைப் பாருங்கள். மையோடோகோபாவில் அதன் அடிக்கணு தசை நிறைந்து பருத்திருக்கும். வெளிக்கிளை பல கணுக்களோடு, முடி போன்ற நீண்ட தூவிகளைத் தாங்கும். அதுதான் துடுப்பு. போடோகோபாவில் அந்த வெளிக்கிளை பெரும்பாலும் சிறுத்துப்போயிருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது, மையோடோகோபாவுக்குள் அடங்கும் மையோடோகோபிடா வரிசையின் ஏழாம் இணை உறுப்பு. கால் என்றே சொல்ல முடியாது. புழுவைப் போல வளைந்து நெளிந்து, நுனித் தூவிகளால் ஓட்டின் உட்புறத்தைத் துடைத்துக்கொண்டே இருக்கும். அந்தத் தூவிகளின் எண்ணிக்கையும் அமைப்பும் இனம் பிரிக்க உதவும். வரையாமல் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: எல்லாவற்றுக்கும் செவுள் உண்டா?

பதில்: இல்லை. பெரும்பாலானவை உடற்பரப்பு வழியாகவே சுவாசிக்கின்றன.

கேள்வி: மாதிரிகளை ஃபார்மலினில் வைக்கலாமா?

பதில்: வேண்டாம். அது அமிலமாக மாறி ஓட்டின் சுண்ணாம்பைக் கரைத்துவிடும். 70 சதவீத ஆல்கஹால் நல்லது. கிளிசரின் துளியில் வைத்து, இரண்டு நுண்ணூசிகளால் ஓட்டைப் பிரித்து, உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கண்ணாடித் தகட்டில் பதியுங்கள். ஓடுகளை உலர்வாகத் தனியே வையுங்கள். இரண்டுக்கும் ஒரே எண்ணை அன்றைக்கே எழுதிவிடுங்கள்.