ஒரு சொல்லின் மொழிபெயர்ப்பால் போர் மூண்டதுண்டா?

ஜப்பானியச் சொல் ஒன்றைத் தவறாக மொழிபெயர்த்ததால்தான் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தது என்பது உண்மையா, அப்படி வேறு நிகழ்வு ஏதேனும் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு என் விடை, பெரும்பாலும் இல்லை என்பதே.

ஜப்பானைச் சரணடையச் சொன்ன நேச நாடுகளின் போட்ஸ்டாம் அறிக்கையைப் பற்றி, 1945 ஜூலை 28 அன்று செய்தியாளர்களிடம் பேசிய ஜப்பானியப் பிரதமர் சுசுகி 'மொகுசட்சு' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். அதற்கு 'இப்போதைக்குக் கருத்தில்லை' என்றும், 'பொருட்படுத்தாமல் ஒதுக்குகிறோம்' என்றும் பொருள் கொள்ளலாம் என்பது மெய்தான். ஆனால் அதே பேச்சில் அந்த அறிக்கைக்கு மதிப்பேதும் இல்லை, போரைத் தொடர்வோம் என்றும் அவர் கூறினார். குண்டு வீசுவதற்கான எழுத்துவழி ஆணையோ ஜூலை 25-ஆம் தேதியே பிறப்பிக்கப்பட்டுவிட்டது. நடந்து முடிந்த முடிவுக்குப் பின்னால் வந்த ஒரு சொல்லின் தலையில் பழியைப் போடுவது சரியாகத் தோன்றவில்லை.

சொல்லே முன்னால் நின்ற நிகழ்வு என்றால் எத்தியோப்பியாவின் உச்சாலி ஒப்பந்தத்தைத்தான் சொல்வேன். 1889 மே 2 அன்று இரண்டாம் மெனெலிக்கும் இத்தாலியின் தூதர் அந்தோனெல்லியும் அதில் கையொப்பமிட்டனர். அதன் 17-ஆவது ஷரத்து அம்ஹாரிய மொழிப் பிரதியில், பிற நாடுகளுடனான விவகாரங்களுக்கு எத்தியோப்பிய மன்னர் இத்தாலிய அரசின் உதவியைப் பெற்றுக்கொள்ளலாம் என்று இருந்தது. இத்தாலியப் பிரதியிலோ, அவ்வாறு செய்ய அவர் இசைகிறார் என்று இருந்தது. முன்னது அவர் விருப்பம், பின்னது அவர் தந்த வாக்கு. அந்த வாக்கைக் காட்டி அதே ஆண்டு அக்டோபரில் எத்தியோப்பியா தன் பாதுகாப்புக்கு உட்பட்ட நாடு என்று இத்தாலி ஐரோப்பிய அரசுகளுக்கு அறிவித்தது. தாம் முடிசூடிய செய்தியை விக்டோரியா அரசிக்கும் ஜெர்மானியப் பேரரசருக்கும் எழுதிய மெனெலிக்குக்கு, இனி இத்தாலி வழியாகவே தொடர்புகொள்ள வேண்டும் என்ற பொருளில் பதில் வந்தபோதுதான், தம் நாடு காகிதத்தில் கைமாறியிருப்பது அவருக்கு முழுமையாக விளங்கியது.

பத்திரங்களை மொழிபெயர்த்துப் பிழைப்பவன் என்பதால், இரு பிரதிகளும் முரண்பட்டால் எது செல்லும் என்ற வரியைத்தான் எந்த ஆவணத்திலும் முதலில் தேடுவேன். உச்சாலியில் அதற்கும் 19-ஆவது ஷரத்து இருந்தது. இரு பிரதிகளும் முழுமையாக ஒத்திருப்பதால் இரண்டும் சம அளவில் செல்லும் என்றது அது! ஒத்திருக்கின்றன என்று எழுதி வைத்துவிட்டதாலேயே, ஒத்திராதபோது என்ன செய்வது என்பதற்கு அதில் வழியில்லாமல் போயிற்று.

இது மொழிபெயர்ப்பாளரின் பிழையா, திட்டமிட்ட சூழ்ச்சியா என்ற விவாதம் இன்றும் உண்டு. ஐந்தே மாதங்களில் இத்தாலி அந்த வரியை எடுத்துக்கொண்டு ஐரோப்பா முழுவதற்கும் ஓடியதைப் பார்க்கையில், வெறும் பிழை என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. அந்த வரி இல்லாவிட்டாலும் இத்தாலி வேறொரு சாக்கைத் தேடியிருக்கக்கூடும். ஆயினும் மற்ற வல்லரசுகளிடம் காட்டுவதற்கு மன்னரே கையொப்பமிட்ட தாள் ஒன்று அதற்குக் கிடைத்திராது.

திருத்தப் பேச்சுகள் பலிக்காமல், 1893-இல் மெனெலிக் ஒப்பந்தத்தையே நிராகரித்தார். 1895 இறுதியில் போர் மூண்டது. 1896 மார்ச் 1 அன்று அத்வா மலைகளிடையே, எரித்ரிய வீரர்களையும் உள்ளடக்கிய இத்தாலிய ஜெனரல் பரத்தியேரியின் படை பெருந்தோல்வியுற்றது. ரோமில் பிரதமர் கிறிஸ்பி பதவி விலக நேர்ந்தது. அவ்வாண்டு அக்டோபர் 26 அன்று அடிஸ் அபாபாவில் கையொப்பமான புதிய ஒப்பந்தம் உச்சாலியை அடியோடு செல்லாததாக்கி, எத்தியோப்பியாவின் முழுமையான சுதந்திரத்தை எவ்வித நிபந்தனையும் இன்றி ஏற்றுக்கொண்டது.