மண் பரிசோதனையில பிஎச் (கார அமிலத் தன்மை) 8.9, இசி (கரைஞ்ச உப்போட அளவு) 0.6 வந்தா அது உவர் இல்ல, களர்

தண்ணி கட்டி உப்பை வடிச்சா சரியாகுமான்னு கேட்டிருக்கீங்க, அது மட்டும் போதாதுங்க. உவர்னா கரைஞ்ச உப்பு அதிகமான மண்ணு, இசி 4க்கு மேல போகும், பிஎச் 8.5ஐ தாண்டாது. உங்களுது களர், அதாவது சோடியம் மண்ணுல ஒட்டிக்கிட்ட நிலம்.

பாய்ச்சின தண்ணி மூணு நாளா கலங்கலா நிக்குதுன்னா பெரும்பாலும் சோடியம்தான், களித்துகளை பிரிச்சு விட்டு மண்ணுல உள்ள சின்ன சின்ன துவாரத்தையெல்லாம் அடைச்சிடும்.

கண்ணாடி டம்ளர்ல மழைத்தண்ணி எடுத்து காஞ்ச மண்கட்டி ஒண்ணை மெதுவா போடுங்க, கலக்காதீங்க. ரெண்டு மணி நேரத்துல கட்டியச் சுத்தி பால் மாதிரி படர்ந்தா அதேதான். போர் தண்ணி வேணாம், அதுல உள்ள உப்பு கலங்கலை அமுக்கிடும்.

ஜிப்சம் போடலாம், அதுல உள்ள கால்சியம் சோடியத்தை மண்ணுலேர்ந்து பிரிச்சு விடும், ஆனா அளவை லேப்ல கேட்டுட்டு போடுங்க, வடிகால் வெட்டாம போட்டா பிரிஞ்சு வர்ற சோடியம் வெளியேற வழியில்லாம வயல்லயே நிக்கும், காசுதான் போகும்.